வலி குறைந்த அந்தக் காலை

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு, பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டிருந்த நேரம். போர்ட் பிளேரிலிருந்து சென்னை போகும் கப்பலில் நானும் என் கணவரும் ஏறினோம். கல்யாணத்துக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. அவருடைய முதுகை எடுத்துக்கொண்டு போனோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாங்கள் ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள். அவருக்கு இங்கே அந்தமானில் அரசு வேலை கிடைத்ததும் போர்ட் பிளேரில் மின்னி பே பக்கம் குடிவந்தோம். மகள் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். தீவில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பல்லில் சொத்தை, கண்ணில் மங்கல், முட்டியில் வலி என்று எது வந்தாலும் "மெயின்லேண்டு போகும்போது பாத்துக்கலாம்" என்று மூட்டை கட்டி வைத்துவிடுவோம். ஊருக்குப் போகிற வருஷம் வந்ததும் துணி எடுப்பது, சொந்தக்காரர்களைப் பார்ப்பது, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது ஆகியவற்றோடு டாக்டரும் ஒரு வேலையாகச் சேர்ந்துகொள்வார். அதுவரை உடம்பு பொறுத்துக்கொள்ளும் என்று எங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அவருடைய முதுகுவலியும் அந்த மூட்டைக்குள் போன சரக்குதான். அவர் வேலை பார்ப்பது ஆபீஸ் ஸ்டோரில், சாமான் கிடங்கில். கனமான கேபிள் சுருள்களை நகர்த்த ஆள் வரும்வரை காத்திருக்க மாட்டார், தானே தூக்குவார். முதலில் இடுப்பில் இருந்த வலி, பிறகு இடது தொடை வழியாகக் குதிகால்வரை கரண்ட் அடிப்பதுபோல இறங்க ஆரம்பித்தது. தைலம் தேய்த்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். இங்கேயே ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "இங்க காமிச்சா அங்க போயி மறுபடியும் மொதல்லேருந்து காமிக்கணும். சும்மா இரு" என்பார். நானும் சும்மா இருந்தேன்.

அத்தோடு அவருக்கு இன்னொரு பைத்தியமும் பிடித்திருந்தது. போனில் முதுகு சொடுக்கும் வீடியோக்கள். கைரோபிராக்டிக் என்கிறார்களே, அதுதான். ஆளைப் படுக்கவைத்து ஒரு திருப்பு திருப்புவார்கள். மடக்கென்று ஒரு சத்தம். ஆள் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார். இவரும் படுத்தபடியே அதைப் பார்த்துச் சிரிப்பார். சமையலறையில் நான் மிளகாய் கிள்ளும்போதெல்லாம் உள்ளே யாரோ ஒருவருடைய முதுகு சொடுக்கிக்கொண்டிருக்கும்.

கடைசியில் சென்னையில் ஒரு கைரோபிராக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினோம். அந்த கிளினிக்கிலிருந்து ஒரு பெண் போன் செய்து ஏகப்பட்ட கேள்விகள் கேட்டார். எங்காவது விழுந்தாரா, காய்ச்சல் உண்டா, உடம்பு இளைத்திருக்கிறதா, உட்காரும் இடம் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் இருக்கிறதா என்று போய்க்கொண்டே இருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கடைசிக் கேள்வி வந்ததும் இவருடைய முகம் சுருங்கிவிட்டது.

"முதுகுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்? எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். அன்றைக்கு அது உண்மையும்கூட.

அந்தப் பெண் விடவில்லை. "அப்படி ஏதாவது வந்தா எங்ககிட்ட வராதீங்க சார். நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க" என்றார். நல்லா பயமுறுத்துறாங்கப்பா என்று முணுமுணுத்துக்கொண்டே போனை வைத்தேன்.

விமானத்தில் போனால் இரண்டு மணி நேரம்தான். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் அவரால் நிமிர்ந்து உட்கார முடியாது. கப்பலில் பங்க், அதாவது அடுக்குப் படுக்கை, எடுத்தால் சென்னைவரை படுத்துக்கொண்டே போகலாம். இந்த யோசனையைச் சொன்னது நான்தான். கேட்டவர்கள் எல்லோரும் நல்ல யோசனை என்றார்கள்.

கிளம்புகிற அன்று காலை அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"இந்தா, வலி பாதிக்குமேல கொறஞ்சிருச்சு. கால்ல அந்த கரண்டே இல்ல. லேசா மரத்தாப்ல இருக்கு, அம்புட்டுத்தான்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சாமி படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மகளைப் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போனோம். கப்பலின் படியில் ஏறும்போது அவருடைய இடது கால் செருப்பு கழன்று விழுந்தது. அவர் அது தெரியாமல் மேலே போய்க்கொண்டிருந்தார். "செருப்பு போறதுகூடத் தெரியாம அப்படி என்ன யோசனை?" என்று நான்தான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். இருவரும் சிரித்தோம். கடவுளே, சிரித்தோம்!

கப்பல் கிளம்பி, கரை மறைந்து, போனில் சிக்னலும் போனது. கீழ்த்தளத்தில் எங்களுடைய பங்க். சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் காலை நீட்டியிருந்தார்கள். இவர் முதுகைப் பிடித்துக்கொண்டு புரள்வதைப் பார்த்து ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எதிர் பங்க்கில் ஒரு வங்காளி கான்ட்ராக்டர் இருந்தார். நல்ல ஆகிருதி. ஜிம்முக்குப் போகிறவராம். வீடியோ பார்த்து முதுகு சொடுக்கக் கற்றுக்கொண்டு நண்பர்களுக்கெல்லாம் செய்துவிடுவாராம்.

"பாபி, டென்ஷன் மத் லோ. ஏக் மினிட் கா காம் ஹை" என்று சட்டைக் கையை மடித்தார். கவலை வேண்டாமாம் அண்ணி, ஒரே நிமிஷ வேலையாம்.

இவருக்கு வாயெல்லாம் பல். சென்னைவரை போகாமலே காரியம் முடிகிறதே! குப்புறப் படுத்துவிட்டார். அந்த மனிதர் ஒரு கையால் அவருடைய தோளைப் பிடித்து, முழங்காலை இடுப்பில் வைத்தார். நான் சாதாரணமாகத்தான் சொன்னேன், அமுக்கும்போது சங்கடமாக இருக்குமே என்று.

"என்னங்க, ஒன்னுக்குப் போயிட்டு வந்து படுங்களேன்."

அவர் தலையைத் திருப்பி எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். "காலைலேருந்தே வரல. போயி நின்னாலும் வர மாட்டேங்குது. முட்டுற மாதிரியும் தெரியல."

அந்த கிளினிக் பெண்ணின் குரல் காதுக்குள் அப்படியே கேட்டது. ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க.

"ஹாத் மத் லகாவோ!" என்று கத்தினேன். கையை வைக்காதே என்று. கப்பலே அதிர்ந்திருக்கும். கான்ட்ராக்டர் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"உக்கார்ற இடம் மரத்துப்போச்சா?" என்று அவரிடம் கேட்டேன். இத்தனை பேருக்கு முன்னால் இது என்ன கேள்வி என்பதுபோல முறைத்தார். வெட்கம் மானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தொடை முடிகிற இடத்தில் பின்பக்கம் நறுக்கென்று கிள்ளினேன். மகள் சின்னதாக இருந்தபோதுகூட அப்படிக் கிள்ளியதில்லை. அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வலித்ததாக ஓர் அசைவுகூட இல்லை.

அந்த நொடியில் எனக்கு வந்த பயத்தை என்னவென்று சொல்வது? நாலாபுறமும் தண்ணீர். போன் இல்லை. என் வீட்டுக்காரரின் உடம்பில் பாதி என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரியவில்லை.

கப்பலில் ஒரு டாக்டர் இருந்தார். இளவயது, ஹிந்திக்காரர். ஊசி முனையால் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார். இடது கட்டைவிரல் எழவேயில்லை. குழாய் செருகியதும் சிறுநீர் வந்தது, வந்துகொண்டே இருந்தது. அத்தனையும் உள்ளே தேங்கி இருந்திருக்கிறது, இந்த மனிதர் முட்டவில்லை என்கிறார். முதுகுத்தண்டிலுள்ள டிஸ்க் பிதுங்கி, கால்களுக்கும் சிறுநீர்ப் பைக்கும் போகிற நரம்புகளை மொத்தமாக நசுக்குகிறது என்று டாக்டர் விளக்கினார். வலி குறைந்ததே நரம்பு செத்துக்கொண்டிருந்ததால்தான் என்றார். அதைக் கேட்டதும் காலையில் நான் கும்பிட்டது நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் கூசியது.

"உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். சென்னை போய்ச் சேரும்வரை தாங்காது" என்று சொல்லிவிட்டு கேப்டனைப் பார்க்கப் போனார்.

சிறிது நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ஒரு நோயாளிக்காகக் கப்பல் போர்ட் பிளேர் பக்கம் திரும்புகிறது, பயணிகள் ஒத்துழைக்க வேண்டும் என்று. எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. அந்தக் கப்பலில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இருந்தார்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். எல்லோரும் எங்களைச் சபிப்பார்களே என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

என் தோளில் ஒரு கை விழுந்தது. மேல் பங்க்கில் இருந்த அம்மா. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறவர், இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழ்க் குடும்பம். புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளச் சென்னைக்குப் போகிறார் என்று சாப்பிடும்போது பேச்சுவாக்கில் தெரிந்திருந்தது.

"அழுவாதீங்க தங்கச்சி. எனக்கு ஒரு நாள் பிந்துனா ஒன்னும் ஆவாது. ஐயாவுக்கு ஆவும்ல?" என்றார். எனக்கு அதற்குப் பிறகுதான் அழுகையே வந்தது.

திரும்பி வரும்போது பாதி வழியில் கடலோரக் காவல் படையின் படகு எதிரே வந்தது. இவரைத் தூக்குப்படுக்கையில் வைத்துக் கட்டினார்கள். கீழ்த்தளத்திலிருந்து மேலே தூக்கிவந்தவர்களில் அந்த கான்ட்ராக்டரும் இருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அந்த முழங்காலை அவர் அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதற்குள் அவருக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். படுக்கையைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். கீழே படகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. படுக்கை ஒரு சுற்று சுற்றியபோது எனக்கு உயிரே போய்விட்டது. இவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

அடுத்து நான். கயிற்று ஏணி. புடவை. வீட்டில் பரணில் ஏறவே பயப்படுகிறவள் நான். கீழே நின்ற காவல் படைப் பையன் "நீச்சே மத் தேக்கோ, மாஜி" என்று கத்தினான். கீழே பார்க்காதீங்க, அம்மா என்று. என் வயதுக்கு என்னை மாஜி என்கிறானே என்று அந்த நிலைமையிலும் சுருக்கென்றது. அந்தக் கோபத்திலேயே இறங்கிவிட்டேன்.

அன்றே போர்ட் பிளேரில் ஆபரேஷன் நடந்தது. ஆம், போர்ட் பிளேரில்தான். முதுகுத்தண்டு அறுவைக்கான டாக்டர் அங்கேயே இருந்தார். வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் போகிற ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கடலைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கிறோம்.

ஆனால் பயம் அதோடு முடியவில்லை. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. சிறுநீர் திரும்பவில்லை. குழாயை எடுத்துப் பார்ப்பார்கள், வராது, மறுபடி போடுவார்கள். "காலம் பூரா பையோடதானா?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார். அவர் வயது அப்போது ஐம்பதுகூட இல்லை. எல்லாம் வரும் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுவேன். ஒரு நாள் மதியம் கழிவறைக்குள் போனவர் வெகுநேரமாக வரவில்லை. விழுந்துவிட்டாரோ என்று கதவைத் தட்டினேன். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. "வந்துருச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். கதவுக்கு வெளியே நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சென்னை கைரோபிராக்டருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "இந்த நிலைமையில வந்திருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன்மா. எங்க கேள்வி உங்களுக்கு ஞாபகம் வந்துச்சே, அது போதும்" என்றார். அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நான் பட்ட கடன் தீராது.

இப்போது இவர் வேலைக்குப் போகிறார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார், கேபிள் பக்கமே போவதில்லை. முதுகு சொடுக்கும் வீடியோவை மட்டும் இன்னும் விடவில்லை, எனக்குப் பயந்து சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கிறார். எங்கள் வீட்டில் இப்போது வெட்கப்பட்டு மறைக்கிற நோய் என்று எதுவும் கிடையாது, மகளுக்கும்தான். ஆனாலும் எனக்குள் புகுந்த அந்த பயம் போகவில்லை. தினமும் காலையில் அவர் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தியதும், நான் வெளியே ஏதோ வேலை இருப்பதுபோல நின்றுகொள்வேன். உள்ளே அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு அன்றைய நாள் விடிகிறது.