இரண்டு காலும் ரிஜெக்ட்

நடந்தது வரிசையாக:

1. நான்காம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், ஒரு சனிக்கிழமை மாலை, மொட்டை மாடியிலிருந்து இறங்கும்போது கடைசி மூன்று படிகளை ஒரே தாவலில் கடந்தேன்.
2. இடது பாதம் உள்பக்கமாக மடங்கியது.
3. யாரும் பார்க்கவில்லை.
4. மறுநாள், மாதனூர்ப் பக்கம் அப்பா வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் குடும்ப விழா. மூன்று கால் ஓட்டத்துக்கு அப்பா பெயரும் என் பெயரும் கொடுத்தாகிவிட்டது. அவர் வலது காலையும் என் இடது காலையும் சேர்த்துக் கட்டி, இரண்டு வாரமாகத் தெருவில் பழகியிருந்தோம்.
5. ஆகவே, கால் மடங்கவில்லை என்று முடிவு செய்தேன்.

இந்த முடிவு இரவுச் சாப்பாடு வரை தாங்கியிருக்கும். அதற்குள் வேலூரிலிருந்து சித்தி வந்துவிட்டாள். அம்மாவின் தங்கை, பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவளுக்குச் செய்முறைத் தேர்வு. ஊருக்கு வரும்போதெல்லாம் அவளுடைய நோயாளி நான்தான். போன வாரம் தோள், அதற்கு முந்தைய வாரம் முழங்கால். இந்த முறை கழுத்தாக இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன்.

"வாடி, கட்டில்ல உக்காரு. ரெண்டு காலையும் தொங்கப் போடு. இன்னிக்கு கணுக்கால்."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார். ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாகப் பார்க்கும் மேஜை அவருடையது. இரண்டு ஷூவையும் குதிகால் ஒட்ட நிறுத்துவார், கட்டைவிரலால் அழுத்துவார், ஒன்றில் இருப்பது மற்றதிலும் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்று மாறினாலும் ஜோடியே திரும்பிப் போகும். வீட்டில் என் கம்மலையும் அப்படித்தான் பார்ப்பார்.

சித்தியும் அதையேதான் செய்தாள். முதலில் தொடாமல் இரண்டு காலையும் பார்த்தாள். பிறகு, நல்ல காலில் தொடங்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே என் வலது காலைப் பிடித்தாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஜோடி பொருந்தினால் பாஸ். இடது காலை அழுத்தினால் என்னால் கத்தாமல் இருக்க முடியாது. எனவே வலது காலை அழுத்தியதுமே கத்தினேன்.

சித்தி இடது காலுக்கு வந்தாள். வெளிக்கணுவுக்குச் சற்று முன்னால், கீழே, விரலை வைத்தாள். அதே அளவு கத்தத்தான் முயன்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடந்து காட்டச் சொன்னாள். இரண்டு காலையும் சமமாக நொண்டி, வாத்துபோல் சுவர் வரை போய்த் திரும்பினேன்.

"ஜோடி கரெக்டாதான் கீது," என்றார் அப்பா. "ரெண்டுமே ரிஜெக்ட்."

சித்தி சிரிக்கவில்லை. "பாவம் மாமா, கொழந்தைக்கு ரெண்டு காலும் போச்சு. ஏண்டி, வலது கால் எப்ப மடங்குச்சு?"

"அது எங்க மடங்குச்சு? இதுதான மடங்குச்சு."

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை. சித்தி கணு எலும்பின் பின்விளிம்பை மேலிருந்து கீழ்வரை அழுத்தினாள், அங்கே வலிக்கவில்லை. எலும்புக்கு ஒன்றும் இல்லை, தசைநார்தான் இழுத்துக்கொண்டது, ஆனால் நாளைக்கு ஓடக்கூடாது என்றாள். தேர்வுக்கு முன்னால் நிஜமாகவே வீங்கிய ஒரு கால் கிடைத்ததில் அவளுக்கு இருந்த சந்தோஷம் கட்டுப் போடும்போது முகத்திலேயே தெரிந்தது.

நான் அழுதேன். அப்பா, "வுடு, பேரை எடுத்துடலாம்," என்றார். அவர் முகமும் நன்றாக இல்லை.

"எதுக்கு எடுக்கணும்? அக்கா ஓடட்டும்," என்றாள் சித்தி.

"எனக்கு இன்னா பைத்தியமா? அத்தினி பேர் முன்னால," என்றாள் அம்மா.

மறுநாள் சர்ச்சிலிருந்து நேராகக் கம்பெனி மைதானத்துக்குப் போனோம். ஓட்டத்துக்குக் கூப்பிட்டபோது, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா எழுந்தாள். கம்பெனியின் ஷூ நாடாவால் கட்டினார்கள். விசில் ஊதிய நான்காவது அடியில் இருவரும் விழுந்தார்கள். அப்பாவோடு ஒரே லைனில் வேலை பார்ப்பவர்கள் கூச்சல் போட்டார்கள். எழுந்து, ஒருவர் தோள்மேல் ஒருவர் கை போட்டுக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று அம்மா எண்ண, பாதி தூரம் வந்து மறுபடியும் விழுந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் ஓடி முடித்து ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார்கள். இவர்கள் மட்டும் மண்ணில் உட்கார்ந்து மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் ஓடியிருந்தால் ஜெயித்திருப்போம். தோற்றுவிட்டு ஏன் சிரிக்கிறார்கள்? ஒரு நாளைக்கு எத்தனையோ நாடாவை அவிழ்த்துக் கட்டும் அப்பாவுக்கு அந்த ஒரு முடிச்சு மட்டும் ஏன் அவிழவில்லை? முடிச்சு இறுகிவிட்டது போலும் என்று, சூப்பர்வைசரிடம் கத்தரிக்கோல் வாங்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போய் நீட்டினேன்.

"நீ போய் உக்காருடி," என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமலே.

அவர்கள் இருவரும் நாலு பேர் முன்னால் கைகூடத் தொட்டுக்கொண்டதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கு ஓடத் தெரியாது என்று மட்டும் நினைத்துக்கொண்டு, கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தேன்.

கால் மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. சித்தி தேர்வில் தேறினாள். இப்போது நானும் அதே படிப்பை முடித்து, நல்ல காலிலிருந்தே தொடங்குகிறேன். அப்பாவும் அம்மாவும் வருடா வருடம் அந்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கிறார்கள். இதுவரை ஒருமுறையும் முடிவுக் கோட்டைத் தொட்டதில்லை.