சயனைட் மேட்டுக் குழந்தை

சயனைட் கலந்து தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி எங்கள் ஊரில் மலையே எழுந்துவிட்டது. அதற்குச் சயனைட் மேடு என்று பெயர். மற்ற ஊர்களில் பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லிச் சீண்டுவார்கள். நான் நாலு புத்தகம் படித்தவன் ஆயிற்றே, உள்ளூர்ச் சரக்கைக் கையாண்டேன். "உன்ன சயனைட் மேட்டுலதாம்மா பொறுக்கினு வந்தோம்" என்று மகளிடம் பல வருடங்களாகச் சொல்லிவந்தேன். ஒவ்வொரு முறையும் நான் மட்டும்தான் சிரித்தேன் என்பதைக் கவனிக்கவில்லை.

போன வருடம் பள்ளியில் ரத்த வகை பார்த்தார்கள். மகளுக்கு ஓ. பீரோவைக் குடைந்து எங்கள் அட்டைகளையும் பார்த்திருக்கிறாள். நான் ஏ, மனைவி பி. ஏ-வுக்கும் பி-க்கும் ஓ எப்படிப் பிறக்கும்? அன்று சாயங்காலம் பெங்களூர் ரயிலை விட்டிறங்கி வீடு சேர்ந்தபோது, காபியை நீட்டி "எடுத்துக்குங்க சார்" என்றாள்.

இரண்டு நாள் நான் சார், அவள் அம்மா மேடம். ஞாயிற்றுக்கிழமை காலை, வீங்கிய கண்களோடு வந்து நின்றாள்.

"நெஜமா சொல்லுங்க. என்ன எங்கருந்து எடுத்துனு வந்தீங்க?"

ஜோக் அடித்தவரே விளக்கட்டும் என்று மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நான் பாடப்புத்தகம் மாதிரி தொடங்கினேன். ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்றேன். ஒடுங்கு பண்பென்றால் இன்னா என்று மகள் கேட்க, மனைவி அடுப்படியிலிருந்தே கரண்டியால் என்னைக் காட்டினாள்.

பிறகுதான் புத்தி வந்து எங்கள் ஊர்ச் சுரங்கப் பாஷைக்கு இறங்கினேன். ரத்த வகைக்கு ஆளுக்கு இரண்டு மரபணு. அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. என்னுடைய ஏ சர்ஃபேஸில் வேலை பார்க்கிறது, எல்லார் கண்ணிலும் படும். கூட இருக்கும் ஓ அண்டர்கிரவுண்டில் இருக்கிறது. கண்ணில் படாது, ஆனால் ஆள் உண்டு. உன் அம்மாவுக்கும் மேலே பி, கீழே ஓ. பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்றைத்தான் அனுப்ப முடியும். உன் விஷயத்தில் இரண்டு பேருமே கீழே இருந்தவனைக் கேஜில், அதுதான் சுரங்க லிஃப்டில், ஏற்றி அனுப்பிவிட்டோம். நாலில் ஒரு வாய்ப்பு அப்படி அமையும். மறைக்க மேலே ஆளில்லை, ஓ வெளியே தெரிகிறது.

"கீழ ஓ இருக்குதுன்னு இன்னா சாட்சி?"

நியாயமான கேள்வி. டிரங்குப் பெட்டியிலிருந்து என் அப்பாவின் சுரங்க ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தேன். ஓ என்றிருந்தது. அவரிடம் கொடுக்க ஓ-வைத் தவிர வேறில்லை, ஆகவே எனக்கு ஒன்று வந்தே தீரும். அம்மா பக்கத்துக்கு, பேத்தமங்களாவிலிருக்கும் என் மாமனாருக்கு மகளே போன் போட்டாள்.

"ஓ-தாம்மா" என்றார் அவர். "யாருக்கு ரத்தம் வேணும்? சட்டைய மாட்டிக்கினு வர்றேன்."

அவர் பஸ் ஏறாமல் தடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

மகள் நோட்டில் நாலு கட்டம் போட்டாள். ஏபி, ஏ, பி, ஓ. கடைசிக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

"சரிப்பா" என்றாள். அந்த 'ப்பா'வுக்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நோட்டை மூடியவள், "இந்த மாதிரி ஜோக் அடிக்கிறதும் எனக்கு வந்துகீதா?" என்றாள்.

வந்திருக்கலாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"வந்துருந்தா, அது அண்டர்கிரவுண்ட்லயே கெடக்கட்டும்பா."

மனைவியும் ஆமோதித்தாள். எங்கள் வீட்டில் இன்றுவரை அதுதான் ஓங்கு கருத்து.