கால்வாய்க்கரை வழியே வந்த மாப்பிள்ளை

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒருவர் போன வாரம் தன் சைக்கிளை லிஃப்டில் ஏற்றி மேல்மாடிக்கே கொண்டுவந்துவிட்டார். கீழே விட்டால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி, தடித்த டயர். "இது கிராவல் பைக்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கிராவல் என்றால் லாரியில் வந்து, கரைமேல் கொட்டி, ஒரு மழைக்கே பாதி கரைந்துபோகும் செம்மண் சரளை. அதில் ஓட்டுவதற்கென்றே தனியாக சைக்கிள் செய்து விற்கிறார்கள் என்பது தெரியாமலே நான் ஓட்டி முடித்துவிட்டேன்.

"ஒரகடம் பக்கம் ஏரிக்கரை, கால்வாய்க்கரைன்னு நல்ல ரூட் இருக்காமே, நீங்க அங்கதான வேலை பாத்தீங்க?" என்று அவர் கேட்டார். ஏதோ பதில் சொன்னேன். என் கண் அவர் டயரின் பள்ளங்களில் அப்பியிருந்த ஈரச் செம்மண்ணில் இருந்தது. ஏசி அறைக்குள் அந்த வாசனை வந்துவிட்டால் பிறகு வேலை எங்கே ஓடும்? அன்று முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தேன், ஆனால் மேசைக்கு அடியில் கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது.

கால் என்றதும் நான் ஒரகடத்தில் வேலை பார்த்த அசெம்பிளி லைன் ஞாபகம் வருகிறது. செல்போனுக்குள் போகும் பாகங்களைச் செய்யும் கம்பெனி. ஷிஃப்ட் தொடங்கினால் முடியும்வரை ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கை ஓயாமல் ஓடும், கால் அசையாது. அதனால் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் எனக்குக் கால் இரண்டும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிடும். என்னோடு வல்லத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த பெண்கள் எல்லாரும் வந்ததும் விழுந்து தூங்குவார்கள். எனக்குத் தூக்கம் வராது. உத்திரமேரூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து, பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிளைப் பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். முன்கூடை நசுங்கிய சைக்கிள். அதை எடுத்துக்கொண்டு எங்கே போகிறேன் என்று தெரியாமலே போவேன்.

அப்படிப் போகும்போதுதான் பிலோமினாவைப் பார்த்தேன். என் லைனிலேயே எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள். முகக்கவசம், தொப்பி எல்லாம் போட்டு நின்றதால் கண்ணை மட்டும்தான் தெரியும். கால்வாய்க்கரையில் எதிரே சைக்கிளில் வந்தவள் பிரேக் போட்டு, "ஏய், நீ நம்ம லைன் தான? இங்க இன்னா பண்ற?" என்றாள்.

"சும்மா."

"நானும் சும்மாதான்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து சேர்ந்து சுற்றினோம்.

அவள் வல்லம் வடகால் பக்கத்துக்காரி. எந்த ஏரி நிரம்பினால் எந்தக் கால்வாயில் தண்ணீர் போகும், எந்த மதகுமேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு பக்கம் இன்னும் நெல் இருந்தது, மறுபக்கம் தகரக்கூரை எழும்பிக்கொண்டிருந்தது. நடுவே எங்கள் சரளைப் பாதை. வேகமாகப் போனால் பல் தந்தியடித்து, பேச்சு துண்டு துண்டாக வரும். "அ-அந்த சூ-சூப்பர்வைசர் கீ-கீறான் பாரு" என்று அவள் ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு தாங்காது. இருவருக்கும் ஒரே வியாதி. நின்றால் ஏதோ பிடித்துக்கொள்ளும் போலிருக்கும்.

பிடித்துக்கொள்ள வந்தது ஒரு மாப்பிள்ளை.

மணிமங்கலத்துக்கு அருகில் ஊர். பெயர் ஆரோக்கியராஜ். லாரிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பெர்மனென்ட். அவன் அம்மாவும் அத்தையும் வந்து பிலோவைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவனுக்கு அன்று ஷிஃப்டாம், வரவில்லை. போட்டோவை மட்டும் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு நிச்சயம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

"மூஞ்சியே பாக்காம எப்பிடிடீ? இந்த ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சி மத்தியானம் வந்துடு, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள் பிலோ.

ரோட்டில் போனால் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவார்கள். அதனால் கால்வாய்க்கரை வழியாகவே போனோம். அவ்வளவு தூரம் அதற்குமுன் போனதில்லை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஓரிடத்தில் கரையை வெட்டிவிட்டிருந்தார்கள். செருப்பைக் கூடையில் போட்டு, முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பெண் பார்க்கப் போகிறவர்கள் இனிப்பும் பூவும் வாங்கிக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போன நாங்கள் முழங்கால்வரை சேற்றோடு போய்ச் சேர்ந்தோம்.

அவன் ஊர் ஏரியின் காய்ந்த ஓரத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான், போட்டோவை வைத்து அடையாளம் தெரிந்தது. கூப்பிட்டதும் மட்டையோடு வந்தான்.

"நான்தான் பிலோமினா."

அவன் திரும்பித் தன் கூட்டாளிகளைப் பார்த்தான். பிறகு எங்கள் காலைப் பார்த்தான். "இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

"உங்க அம்மா வந்து என்னிய பாத்தாங்கல்ல? நான் வந்து உங்களப் பாக்கறேன்."

அவன் மட்டையால் தரையைக் கீறினான். பிறகு எங்களைச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு வேலமர நிழலுக்கு அழைத்துப்போய், தன் கம்பெனியில் ஒரு பெண்ணை விரும்புவதாகச் சொன்னான். வேறு மதம். வீட்டில் சொல்ல அவனுக்குப் பயம். "நீங்களே புடிக்கலன்னு சொல்லிட்டீங்கன்னா நல்லா இருக்கும். பொண்ணு வூட்ல வேணாம்னா எங்கப்பா அதோட வுட்டுடுவாரு."

பிலோவுக்கு இப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. கத்தவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"நான் வேணாம்னு சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? வேலைக்குப் போய், சைக்கிள் மிதிச்சு, திமிரு ஏறிப்போச்சும்பாரு எங்க நைனா. நாளைக்கே வேலைய வுட்டு நிறுத்திடுவாரு. உன் பயத்துக்கு நான் வூட்ல குந்தணுமா? நீயே வந்து சொல்லு. இப்பவே."

"வண்டிய என் தம்பி எடுத்துனு போயிட்டான்."

"சைக்கிள் கீது. மிதி."

இப்படித்தான் நிச்சயிக்கப்பட இருந்த மாப்பிள்ளை என் சைக்கிளை மிதிக்க, நான் பின்னால் கேரியரில் உட்கார, பெண் முன்னால் வழிகாட்ட, ஒரு ஊர்வலம் கால்வாய்க்கரைமேல் புறப்பட்டது. அவன் நெட்டையன், சைக்கிள் பெண்கள் சைக்கிள். முழங்கால் கைப்பிடியில் இடித்துக்கொண்டே வந்தது. "யக்கா, இறங்கிடட்டுமா?" என்று என்னிடம் முனகினான். என்னைவிட மூத்தவன், பயத்தில் அக்கா என்றான். எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பிலோ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வல்லம் நெருங்கும்போது புதிதாகக் கொட்டிய சரளைக் குவியல் ஒன்று. அதில் முன்சக்கரம் வழுக்கி மொத்தமாக விழுந்தோம். எனக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு முழங்கால் கிழிந்து ரத்தம். எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்னால முடியாதுங்க. பயமா கீது."

பிலோ சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவன் காலில் ஊற்றினாள்.

"எனக்கும் பயந்தான். அதுக்கு இன்னா பண்றது? வா" என்றாள்.

பிலோவின் அப்பா வாசலில் டிவிஎஸ் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்பு பயிர் வைத்தவர், இப்போது ஒரு கம்பெனியில் தோட்ட வேலை. போட்டோவில் பார்த்த முகம் அடையாளம் தெரிந்து சட்டென்று எழுந்தார். "வாங்க மாப்ள, வாங்க" என்றார். அப்புறம்தான் ரத்தத்தைப் பார்த்தார். "ஐயய்யோ, இன்னா ஆச்சு? ஏய், மஞ்சத்தூள் எடுத்தா" என்று உள்ளே குரல் கொடுத்தார். அவரே குனிந்து காலைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். ஏன் அவனோடு நாங்கள் வந்திருக்கிறோம் என்று கேட்கவே இல்லை. அவர் திட்டியிருந்தால்கூட அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் அழுதுகொண்டேதான் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். பிலோமினா மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த ஒரு விஷயத்துக்காக அவனை எனக்குப் பிடித்துப்போனது.

அவர் துணியைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு உன்ன நம்பினு கீதா?"

"ஆமாங்க."

"அப்ப எங்க வூட்ல குந்தினு அழுதா ஆச்சா? உங்க அப்பன்கிட்டப் போய் அழு." சட்டையை மாட்டிக்கொண்டார். "ஏறு வண்டில. நான் வரேன் உன்கூட."

கிளம்பும்போது பிலோவின் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டினார். "சைக்கிள் சாவி குடு."

கொடுத்தாள். அவர்கள் போனதும் என்னைப் பார்த்து, "அவ்ளோதான்டீ" என்றாள். அவள் அழவில்லை. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். நானும் கூடவே நடந்தேன்.

அங்கே என்ன பேசினார்கள் என்று பிலோவின் அப்பா வீட்டில் சொல்லவே இல்லையாம். ஆரோக்கியராஜின் வீட்டில் பெரிய சண்டை நடந்து, கொஞ்ச காலம் அவன் வெளியே தங்கி, கடைசியில் அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டான் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். பிலோவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கம்பெனி பஸ்ஸில் வந்துபோனாள். லைனில் எனக்கு எதிரே நிற்பாள், கண்ணால் மட்டும் 'சாவி இன்னும் கொடுக்கலை' என்பாள். நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன், பாதி தூரத்திலேயே திரும்பிவிடுவேன். ஓடிக்கொண்டே இருக்க இன்னொரு ஆள் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

பல வாரம் கழித்து ஒரு காலை அவள் சைக்கிள் வாசலில் பூட்டாமல் நின்றதாம். துரு துடைத்து, இரண்டு சக்கரத்துக்கும் புதுப் பிரேக் கட்டை போட்டிருந்தது. அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாராம். அன்று மாலை நாங்கள் போட்ட ஆட்டத்தில் என் செயின் அறுந்துபோனது.

அப்புறம் அவரவர் வழி. பிலோவுக்கு ஓசூரில் வேலை, அங்கேயே கல்யாணம். நான் தபாலில் படித்து, தாம்பரத்தில் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தேன். சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு ஒரகடம் போனவள், மண்டபத்தில் உட்கார முடியாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கால்வாய்க்கரையைத் தேடிப் போனேன். கரை தொடங்கும் இடத்தில் முள்கம்பி வைத்த மதில் இருந்தது. கேட்டில் நின்ற செக்யூரிட்டி தென்பக்கத்துக்காரர்.

"யாரப் பாக்கணும்மா?"

"இங்க ஒரு கால்வாய் இருந்துச்சே?"

"கால்வாயா? நான் பாத்ததில்லையே." உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். "அத மூடி உள்ளார குழாய் போட்டுட்டாவளாம்மா."

மதில் எங்காவது முடியும், அங்கிருந்தாவது கரையைப் பிடிக்கலாம் என்று அதை ஒட்டியே வண்டியை விட்டேன். அது முடிவதற்குள் அடுத்த கம்பெனியின் மதில் தொடங்கியிருந்தது.