போணிக்கு வந்த மகள்

என் அப்பாவுக்கு உட்காரவே தெரியாது. வீட்டில் நாற்காலி சும்மா கிடக்கும். அவர் காபியை நின்றுகொண்டே குடிப்பார், பேப்பரைச் சுவரில் சாய்ந்து நின்றபடி படிப்பார். டவுன் ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் விற்பனையாளராக இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே அங்கே சேர்ந்தவர். அந்தக் கடையில் உட்காருகிறவர்கள் இரண்டு வகைதான். கல்லாவில் முதலாளி, கவுண்டருக்கு வெளியே துணி எடுக்க வந்தவர்கள். மற்ற எல்லோரும் காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டரை இழுக்கும்வரை நிற்க வேண்டும். அப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி ஒட்டவில்லை. கவுண்டருக்கு உள்ளே உட்கார ஒன்றும் கிடையாது, அவ்வளவுதான்.

நின்று நின்று அப்பாவின் இடது காலில் நரம்புகள் சுருண்டு புடைத்துக்கொண்டன. பிறகு கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தது. கடைசியில் அது புண்ணாகி, என்ன மருந்து போட்டாலும் ஆற மாட்டேன் என்றது. அம்மா தினமும் காலையில் களிம்பு தடவித் துணி சுற்றிவிடுவாள். அப்பா அதன்மேல் வேட்டியைத் தழைய இறக்கிக் கட்டிக்கொண்டு கடைக்குப் போவார். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதன்பிறகு நிற்கிற வேலையே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா முதலாளியிடம் லீவு கேட்டார். தீபாவளி முடியட்டும் என்றார் முதலாளி. தீபாவளி முடிந்தால் தை முகூர்த்தம் வந்துவிடும், தை போனால் வைகாசி. கல்யாணத்துக்குச் சேலை எடுக்காத மாதம் நம் ஊரில் எங்கே இருக்கிறது?

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒரு வங்கியில் கிளார்க் வேலை கிடைத்தது. முதல் தடவை எழுதியபோது கோட்டைவிட்டு, இரண்டாம் தடவை பிடித்த வேலை. அம்பாசமுத்திரம் கிளை. விடியற்காலையில் பஸ் ஏறிச் சேரன்மகாதேவி வழியாகப் போய், விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புவேன். அந்த அலுப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் சம்பளம் அப்பாவின் சம்பளத்தைவிட அதிகம். இனி அப்பா நிற்க வேண்டாம் என்று மனசுக்குள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டேன்.

அப்பா முடிவு செய்தது வேறு. முதல் சம்பளக் கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், சாமி படத்துக்கு முன்னால் வைத்தார், மறுநாளே அதைக் கொண்டுபோய் எனக்குத் தங்கக் காசு வாங்கிவிட்டார். அடுத்த மாதமும் அதேதான். மகள் காசில் வீட்டு அடுப்பு எரியக் கூடாது என்பது அவர் வைராக்கியம். நிலம் நீச்செல்லாம் தாத்தா காலத்திலேயே கைவிட்டுப் போயிற்று. வீம்பு மட்டும் ஒரு குந்துமணி குறையாமல் எங்களிடம் இருந்தது. எனக்கும் அதில் பங்கு உண்டு.

"என் கழுத்துல பவுன் ஏறுது, உங்க கால்ல புண்ணு ஏறுது. இது என்ன கணக்குப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒன்னைய ஒருத்தன் கையில பிடிச்சிக் குடுக்க வரைக்கும் நிப்பேன். அதுக்கப்புறம் காலு இருந்தா என்ன, போனா என்ன?"

"கடையில ஒரு ஸ்டூலாவது கேளுங்களேன்."

"ஸ்டூலா? நல்லா கேட்டட்டி. ஊரே வாயால சிரிக்காது."

அந்த ஆவணியில் புண்ணிலிருந்து நாற்றம் வர ஆரம்பித்தது. இன்னும் இப்படியே நின்றால் இந்தக் காலுக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அப்பா அதைக் கேட்டுவிட்டு நேராகக் கடைக்குத்தான் போனார். கெஞ்சிப் பார்த்தாயிற்று, சண்டை போட்டுப் பார்த்தாயிற்று. வேறு வழி பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதலாளிக்குப் போணியில் அசாத்திய நம்பிக்கை. கடை திறந்ததும் முதலில் படியேறி வருகிறவர் வெறுங்கையோடு இறங்கிப் போனால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பார். போணிக்கு வந்த ஒரு கிழவி துண்டுக்கு அடிமாட்டு விலை கேட்டு இறங்கப் போனபோது, தெருவரை ஆளனுப்பிக் கூட்டிவந்து, அவள் கேட்ட விலைக்கே கொடுத்தவர். அப்பாதான் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தப் போணியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வங்கிக்கு லீவு சொல்லிவிட்டு, சம்பளப் பணத்தோடு கடைக்குப் போனேன். அந்தத் தடவை கவரை அப்பா கையில் கொடுக்கவில்லை. வாசல் தெளித்த ஈரம் காயவில்லை, உள்ளே சாம்பிராணிப் புகை. எனக்கு முன்னால் யாரும் வரவில்லை. கல்லாவிலிருந்த முதலாளி நெற்றி நிறையத் திருநீறோடு சிரித்தார்.

"வா தாயி. அப்பாவப் பாக்க வந்தியா?"

"துணி எடுக்க வந்திருக்கேன் அண்ணாச்சி. அம்மாவுக்குப் பட்டு, அப்பாவுக்கு வேட்டி."

போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஏட்டி, வீட்டுக்குப் போ" என்று உதட்டை மட்டும் அசைத்தார். நான் பார்க்காததுபோல் முதலாளி பக்கம் திரும்பினேன்.

"எனக்குப் பட்டு பாத்து எடுக்கத் தெரியாது அண்ணாச்சி. அப்பா இங்கன வந்து என் பக்கத்துல உக்காந்து எடுத்துத் தரட்டும்."

"அதெப்பிடித் தாயி? ஒங்கப்பா உள்ள நின்னே எடுத்துப் போடுவாரு. கடைக்குன்னு ஒரு வழக்கம் இருக்குல்லா?"

"இன்னைக்கு அவரும் துணி எடுக்க வந்தவருதான். உக்காரக் கூடாதுன்னா சொல்லிருங்க, நான் வண்ணார்பேட்டையில போய் எடுத்துக்கிடுதேன்."

எழுந்தேன், பையைத் தோளில் மாட்டினேன், வாசலைப் பார்த்து நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. படியில் ஒரு காலை வைக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"இரு தாயி, இரு." என்றவர் அப்பாவைப் பார்த்து, "என்ன வே முழிக்கீரு? போயி உக்காரும் வே."

அப்பா கவுண்டரின் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஸ்டூலின் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்துவிடுகிறவர்போல் உட்கார்ந்தார். கழுத்தெல்லாம் வேர்வை. எதிரே நின்றவர் அப்பாவோடு வருஷக்கணக்காக வேலை பார்ப்பவர். அவர் கொஞ்சமும் கேலியில்லாமல், வருகிறவர்களிடம் கேட்பதுபோலவே கேட்டார்.

"என்ன விலையில காட்டட்டும், அண்ணாச்சி?"

அப்பா தலை நிமிரவில்லை. மேலே கிடந்த ஏதோ ஒன்றைக் காட்டி, "இதையே போடும்" என்றார்.

"அம்மாவுக்கு அந்தக் கலர் எடுக்காதுப்பா" என்றேன்.

சாயம் இறங்கினது, ஓரத்தில் இழை போனது என்று கடையில் கழித்துப்போட்ட சேலைகளைத்தான் அம்மா அதுவரை கட்டியிருக்கிறாள். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் பொருத்தம் பார்த்து எடுத்துக் கொடுத்தவர், தன் மனைவிக்கு என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்ததே இல்லை. அப்பா அடுக்குகளை ஒருமுறை பார்த்தார். பிறகு பைய, "அந்த மூணாவது அடுக்குல அரக்குல ஒண்ணு இருக்கு, அத எடும்" என்றார். சேலை வந்தது. முந்தியை மடியில் விரித்துத் தடவிப் பார்த்தார். ஒரு வேட்டியையும் சேர்த்துப் பணத்தைக் கட்டினேன். அப்பா எழுந்து, பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் நின்றுவிட்டார்.

மத்தியானம் சாப்பிட வந்தவர் அடுக்களை வாசலில் நின்றபடி என்னைப் பிடிபிடி என்று பிடித்தார்.

"அத்தன பேரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டியேட்டி!"

"நான் துணிதான்பா வாங்கினேன்."

"வாய் மட்டும் குறையல" என்றவரை அம்மா மறித்தாள். அவள் அவரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "கால் போச்சுன்னா அந்த மானத்த எங்க கொண்டு வைப்பிய? சொல்லுங்க, எங்க வைப்பிய?"

அப்பா வேறு எதையோ பேசுவதுபோல் ஆரம்பித்தார். "எனக்குச் சேலை காட்டுனவன் வயித்த கவுண்டர் விளிம்புல முட்டுக் குடுத்துச் சாஞ்சிக்கிட்டே சேலைய விரிக்கான். ஒரு காலத் தூக்குதான், அப்புறம் மறு காலத் தூக்குதான். மூஞ்சி சிரிக்கு, ஆனா பல்லக் கடிச்சிக்கிட்டுல்லா சிரிக்கான். நானும் அப்பிடித்தான நின்னிருப்பேன்? வேட்டிய இறக்கிக் கட்டுனா ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். அங்கன உக்காந்து பாத்தா அத்தனையும் தெரியுது."

அன்றைக்குத்தான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். "செலவு என்னோடது, அதுல பேச்சே கிடையாது" என்றேன். மறுக்காமல் அம்மாவிடம் மோர் கேட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒருநாள் முதலாளி ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வரவேண்டும் என்று தோன்றியிருக்கிறதே. "தை பொறந்ததும் வந்திரும் வே, ஓம்ம இடம் அப்பிடியே இருக்கு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "இல்ல அண்ணாச்சி. இனிமே என் மக என்னை அங்க விடமாட்டா." அதில் குறையிருந்ததா பெருமையிருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஊருக்குச் சொல்வது ஒன்று, வீட்டில் கை நீட்டுவது வேறு. சாப்பாடு, மருந்து எல்லாம் என் சம்பளத்தில் நடந்தது. அதை அவர் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டார். தன் கைக்கு என்று ஒரு ரூபாய் கேட்கவில்லை. வெற்றிலையை நிறுத்தினார். கடைக்குப் போன காலமெல்லாம் வழுவழுவென்று சவரம் செய்துகொண்டவர், தாடி வளர்க்க ஆரம்பித்தார். வெள்ளைத் தாடி கன்னமெல்லாம் ஏறி, ஆளே அடையாளம் தெரியவில்லை. காலில் புண் ஆறிக்கொண்டு வந்தது, முகம் மட்டும் நோயாளி முகமாகிவிட்டது.

"சட்டப் பையில கொஞ்சம் வச்சிரேன், தெரியாத மாதிரி" என்றாள் அம்மா.

மாட்டேன் என்றேன். "நான் திருடியா, தெரியாம வைக்கதுக்கு? அவரே கேக்கட்டும்." அம்மா என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றாள். இருக்கட்டும். அவர் எனக்காகப் பட்டதையெல்லாம் ஒளித்துத்தான் பட்டார். நான் அவருக்குக் கொடுப்பதும் ஒளிந்துதான் போக வேண்டுமா? எனக்கும் அழுகை வராமல் இல்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் அழுதுவிட்டு வங்கிக்குள் முகம் கழுவிக்கொண்டு போன நாட்கள் உண்டு.

மாதம் பிறந்தது. சம்பளம் வாங்கி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்பா முன்கட்டுக்கு வந்தார். தாடையைச் சொறிந்தார், இருமினார், அம்மாவைத் தேடுவதுபோல் உள்ளே ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் முன்னால் கையை நீட்டினார்.

"ஏட்டி, இது அரிக்கு. சவரத்துக்குக் காசு குடு."

எடுத்துக் கொடுத்தேன். "வெத்தலைக்கும் சேத்துக் குடு" என்றார். கொடுத்தேன். நான் வேலைக்குச் சேர்ந்து வருஷம் ஒன்று ஓடியிருந்தது. என் சம்பளம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.