மூக்கைப் பொத்திக் குடித்த வைன்

பாறசாலையில் எனக்கு ஒரு கண்ணாடிக் கடை உண்டு. கண் டாக்டரின் சீட்டோடு வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்து, இறங்குகிறதா, அழுத்துகிறதா என்று கேட்பது என் வேலை. இருபது வருடமாக ஊர்க்காரர்களின் மூக்குகளைக் கவனித்து வந்திருக்கிறேன். என் மூக்கைப் பற்றி யோசித்ததே இல்லை, அது வேலையை நிறுத்தும் வரை.

ஒரு மாசி மாதம் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. மனைவிக்கு நாலு நாள், எனக்கு ஒரு வாரம். காய்ச்சல் போனது, இருமல் போனது, மணம் மட்டும் திரும்பி வரவில்லை. காப்பி, சோப்பு, சாக்கடை எல்லாம் ஒன்றுதான். மனைவி கவலைப்படுவாளே என்று முதல் வாரம் அவளிடம் சொல்லவில்லை. முதல் வாரம் சொல்லாததால் இரண்டாம் வாரம் சொல்ல முடியவில்லை. பிறகு அது அப்படியே நீண்டுவிட்டது. அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். மாலையில் களைத்து வந்து சமைப்பாள். "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். "நல்லா இருக்கு" என்பேன். அந்த ஒரு பதிலில் மாதங்கள் ஓடின.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு நர்ஸக்கா இத்தாலியிலிருந்து ஊரோடு வந்து சேர்ந்தார். அங்கே முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். அவருடைய கணவரை நாங்கள் அண்ணன் என்போம். அத்தனை வருடமும் இங்கேயே இருந்து ரப்பரும் வாழையும் பார்த்தவர். அக்கா வந்ததும் வராததுமாக அன்னாசிப் பழம் வாங்கி, பரணி என்று நாங்கள் சொல்கிற பெரிய சீன ஜாடியில் சர்க்கரையோடும் கிராம்போடும் போட்டு, வாய்க்குத் துணி கட்டி வைத்தார். இங்கே கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்மஸுக்கு வைன் போடுவது வழக்கம்தான். அக்கா வருடம் முழுவதும் போட்டார். அன்னாசி, ஞாவல், சாம்பைக்காய், இஞ்சி. விற்பதற்கல்ல, பேசுவதற்கு.

மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, கோயிலில் ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால், அவர்கள் கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூடுவோம். கார் முற்றத்தில் வெயில் காயும். அக்கா, அண்ணன், நான், மனைவி, குளத்தூரில் பேக்கரி வைத்திருக்கும் என் பள்ளிக்கூடத்துத் தோழன், மொத்தம் ஐந்து பேர். அக்கா வைத்த சட்டம் எளிது. முதலில் நிறம் பார்க்க வேண்டும், பிறகு மணம், பிறகு ஒரு மிடறு. அதன் பிறகு தோன்றியதைச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு தீனி கொண்டுவந்து எதோடு எது சேரும் என்று பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கூடாது. 'நல்லா இருக்கு' என்று யாரும் சொல்லக் கூடாது. அது அபிப்பிராயம் இல்லையாம், வாயை மூடுகிற வழியாம்.

நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

முதல் ஞாயிறு அன்னாசி வைன். பேக்கரிக்காரனுக்கு மூக்கு பெரிய வரம். அடுப்பில் கேக் இன்னும் எத்தனை நிமிடம் வேக வேண்டும் என்று தெருவில் நின்றே சொல்வான். கிளாஸைச் சுழற்றி மோந்துவிட்டு, ஏலக்காய் இருக்கிறது, பின்னால் லேசாகக் கரிந்த சர்க்கரை இருக்கிறது என்றான். அக்கா தலையாட்டி டைரியில் எழுதினார். என் முறை வந்தது. எனக்கு நாக்கில் இனிப்பும் புளிப்பும் சுருக்கென்று ஒரு எரிவும் தெரிந்தன. அதற்கு மேல் வெறும் தண்ணீர். நிறத்தைப் பார்த்தேன். கலங்கின மஞ்சள். வாயில் வந்ததைச் சொன்னேன், பள்ளிக்கூடம் திறக்கிற அன்று நனைந்த குடையின் மணம் என்று.

எல்லோரும் கிளாஸை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம், குடை உண்டு என்றார். அக்கா அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார். பேக்கரிக்காரன் மட்டும் மூன்று தடவை மோந்து பார்த்துவிட்டு கிளாஸைக் கீழே வைத்தான்.

அதிலிருந்து எனக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஞாவல் வைனில் புது நோட்டுப் புத்தகத்தைக் கண்டுபிடித்தேன். சாம்பைக்காய் வைனில் கல்யாண வீட்டுப் பந்தலைக் கண்டுபிடித்தேன். வாட்ஸ்அப் குழுவில் என் வரிகளை இத்தாலியில் இருக்கும் தோழிகளுக்கு அக்கா மொழிபெயர்த்து அனுப்பினார். கடையில் ஆளில்லாத நேரத்தில் அடுத்த மாதத்துக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்து வைக்கவும் ஆரம்பித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகக் காத்திருந்தேன். மணமில்லாத சாப்பாட்டைத் தினம் மூன்று வேளை மெல்லுகிறவனுக்கு, மணத்தைப் பற்றிப் பேசுவதாவது கிடைத்ததே.

மனைவி அங்கே அதிகம் பேச மாட்டாள். வீட்டுக்கு நடக்கும்போது என்னை ஒரு மாதிரிப் பார்த்து, இவ்வளவு வார்த்தை உங்களிடம் எங்கே இருந்தது என்று ஒருமுறை கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன்.

கார்த்திகை மாதம் இரண்டாம் ஞாயிறு. கிறிஸ்மஸுக்கு அக்கா போட்ட முந்திரிப்பழ வைனை, அதாவது திராட்சை வைனை, அன்றுதான் முதலில் திறப்பதாக இருந்தது. பனச்சமூட்டில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி கொண்டு கொடுத்துவிட்டு வர எனக்குக் கால் மணி நேரம் தாமதமாகிவிட்டது. நான் ஷெட்டுக்குள் நுழைந்தபோது நாலு பேரும் மேசையைவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் ஊற்றிய ஐந்து கிளாஸ்கள் அப்படியே இருந்தன. எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்து உருகிப் போனேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, யாரும் வாயைத் திறப்பதற்குள் ஒரு கிளாஸை எடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தேன். நல்ல கருஞ்சிவப்பு. ஆழமாக மோந்தேன். ஒரு மிடறு குடித்து, வாயில் வைத்திருந்து விழுங்கினேன்.

"மார்கழி மாசம், விடியக்காலம், குளிச்சு நிக்கிய கோயில் முற்றம்" என்றேன்.

யாரும் எழுதவில்லை. அண்ணன் தரையைப் பார்த்தார். பேக்கரிக்காரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எலே, இது ஒட்டுப்பால் நாத்தமாக்கும்" என்றான்.

நடந்தது இதுதான். இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கட்டும் என்று, அக்காவிடம் கேட்காமல், அந்தப் பரணியை அண்ணன் பின்கட்டு அறைக்கு மாற்றியிருந்தார். ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டும் பாலை உரித்துச் சாக்கில் சேர்த்து வைக்கிற அறை அது. ஒட்டுப்பால் என்பது அதுதான். அதன் நாற்றம் தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது, அந்த அறை இருக்கிற வீட்டை வழிகேட்காமலே கண்டுபிடிக்கலாம். துணி வழியாக ஒரு மாதம் அத்தனையும் வைனுக்குள் இறங்கியிருக்கிறது. அக்கா கிளாஸ்களில் ஊற்றி முடித்ததுமே நாற்றம் தாங்காமல் மனைவி முற்றத்துக்குப் போய்விட்டு வந்தாளாம். அதையெல்லாம் அண்ணன் மெதுவாக விளக்கினார். அக்கா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. நர்ஸ் இல்லையா, என் கையிலிருந்த கிளாஸை வாங்கி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மக்கா, உனக்கு மணம் எப்போ போச்சு?"

"மாசியில. அந்தக் காய்ச்சலோட."

பேக்கரிக்காரனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. நனைந்த குடையை நினைத்திருப்பான். என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான். அவள் விரலை மடக்கி மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் சமையலு?" என்றாள். "இங்க நல்லா இருக்குன்னு செல்லப்பிடாது. வீட்டுல நீங்க அது மட்டும்தான் செல்லிட்டிருந்திய."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஒன்பது மாதம் களைத்து வந்து தாளித்ததெல்லாம் எங்கே போய் விழுந்தது என்று தேடுகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள். வார்த்தை இல்லாதவன் இல்லை நான் என்பது அவளுக்கு இந்த ஷெட்டிலேயே தெரிந்துவிட்டது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அக்கா எழுந்து கிளாஸ்களில் கெட்டுப்போனதைத் தென்னை மரத்து மூட்டில் ஊற்றினார். உள்ளே போய் இஞ்சி வைன் குப்பியை எடுத்துவந்தார். என்னிடம், குடித்துவிட்டு உள்ளதை மட்டும் சொல் என்றார். சொன்னேன். இனிப்பு கொஞ்சம் அதிகம், புளிப்பு கடைசியில் வருகிறது, தொண்டையில் உறைப்பு, நாக்கில் லேசான பிசுக்கு. நாலே சொல். அக்கா அதையும் எழுதினார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு குடியுங்கள், இவன் இருக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் இருந்து பார்ப்போம் என்றார்.

மூன்று பெரியவர்கள் கார் ஷெட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வைன் குடித்ததை, தெருவில் போன யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. ஏலக்காயைக் கண்டுபிடிக்கிற பேக்கரிக்காரன் திகைத்துப் போனான். ஒன்றுமே இல்லையே, சர்க்கரைத் தண்ணீரில் மிளகு போட்டது போல அல்லவா இருக்கிறது என்றான். தன் பழக் கேக்கைக் கடித்துப் பார்த்து, இனிப்புப் பஞ்சு என்று சொல்லி வருத்தப்பட்டான். ஆனால் அண்ணன் கொண்டுவந்த சக்கை வற்றல், அதாவது பலாச்சுளை வறுவல், ஜெயித்தது. அதன் மொறுமொறுப்புக்கும் உப்புக்கும் மூக்கு வேண்டாம். இஞ்சியின் உறைப்போடு சேரும்போது வாய் முழுக்க ஏதோ நடந்தது. எல்லோரும் மறுபடியும் கைநீட்டினார்கள்.

மனைவி கொண்டுவந்தது மரச்சீனிக் கிழங்கும் அயிலை மீன் குழம்பும். அவள் மட்டும் அதுவரை மூக்கைப் பொத்தவில்லை. எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது, ஒரு துண்டுக் கிழங்கைக் குழம்பில் தொட்டு, மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டாள். மென்றாள். முகம் சுருங்கியது. இன்னொரு தடவை செய்து பார்த்தாள்.

"புளி கூடுதலாக்கும், இல்லியா?" என்று என்னிடம் கேட்டாள்.

"கொஞ்சம் உண்டு."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

அவள் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். ஷெட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மசாலா மணத்தில் அந்தப் புளி தனக்கே தெரியாமல் போயிருக்கிறது என்றாள் அக்காவிடம். அன்று வீட்டுக்கு நடக்கும்போது ஒரு நிபந்தனை வைத்தாள். இனி எதுவானாலும் அவளிடம் முதலில் சொல்ல வேண்டும், கெட்டதை அதைவிட முதலில் சொல்ல வேண்டும். சம்மதித்தேன்.

அக்கா எனக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். காலையும் மாலையும் கிராம்பு, காப்பித்தூள், நாரத்தை இலை, கர்ப்பூரம், ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்து அதன் பழைய மணத்தை நினைத்துக்கொண்டு மெதுவாக மோக்க வேண்டும். நிச்சயம் பலிக்கும் என்று அவர் சொல்லவில்லை, சிலருக்குப் பலித்திருக்கிறது என்றார். கடையில் உட்கார்ந்து கிராம்பு மோக்கிறேன். இரண்டு மாதத்தில் கர்ப்பூரம் ஒரு குளிராக வந்தது. பிறகு காப்பி வந்தது, ஆனால் கரிந்த ரப்பர் வாசனையில். அதுவும் வரவுதான் என்றார் அக்கா. இப்போது கிராம்பு சில நாள் கிராம்பாகவே வருகிறது, சில நாள் வருவதில்லை.

டைரியில் என் பகுதி சுருங்கிவிட்டது. இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, உறைப்பு, கனம். பரணியில் சர்க்கரை இன்னும் வேண்டுமா என்பதை அக்கா இப்போது என்னிடம்தான் கேட்கிறார். மணத்தில் மயங்காத ஆள் ஒருவன் வேண்டுமாம். அண்ணனுக்கு என் பழைய வரிகள் மேல் இன்னும் ஏக்கம் உண்டு. ஒரு கோயில் முற்றமாவது சொல்லக் கூடாதா என்று கேட்பார்.

போன மாதம் ஞாவல் வைன் திறந்தோம். நான் துவர்ப்பு கூடுதல் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். பேக்கரிக்காரன் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். இதற்குக் கேக் வேண்டாம், நெத்தோலி கருவாடு வறுத்து, மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டால் துவர்ப்பு அடங்கும் என்றாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் அரை மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் அக்கா அடுப்பைப் பற்ற வைத்தார்.