கோவை இலையால் துடைக்காத வரி

நேற்று அவனியாபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்து வேலியில் கோவைக்கொடி படர்ந்திருந்தது. கை சும்மா இருக்குமா? ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினேன். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் சிலேட்டு நினைவுக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் சிலேட்டைக் கோவை இலையால்தான் துடைப்பார்கள். என் வேட்டியில் பாதி நாள் அந்தக் கறைதான். புது வாத்தியார் என்ற மிடுக்கெல்லாம் அதிலேயே போய்விடும்.

யுத்த காலம். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கரிசல்காட்டு ஊரில் எனக்கு முதல் வேலை. இரண்டாம் வகுப்பில் இருளாயி என்றொரு பெண் இருந்தாள். காது கேட்காது, பேச்சும் வராது. பதிவேட்டில் 'வாய்விட்டு வாசித்தல்' என்று ஒரே ஒரு கட்டம். அதில் வருஷா வருஷம் அவளுக்கு முட்டைதான். கூலி வேலை பார்க்கும் அவள் அப்பா வாசலுக்கு வெளியே நின்றே சொன்னார்: "இந்த வருசமும் தேறலைன்னா பருத்தி எடுக்கப் போகட்டும் சாமி."

நான் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். 'சன்னலைத் திற' என்றால் திறப்பாள். 'புளியங்கொட்டை கொண்டு வா' என்றால் ஓடுவாள். அவள் வாசித்த ஒவ்வொரு சொல்லையும் எங்காவது குறித்து வைக்க வேண்டாமா? காகிதத்துக்கோ பஞ்சம். அடுப்புக்கரியால் வகுப்புச் சுவரிலேயே தேதி போட்டு எழுதி வந்தேன். ஆடியில் அந்தச் சொல் வரிசை முழங்கால் உயரம் இருந்தது, தையில் என் தோளுக்கு வந்துவிட்டது. எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பது வழக்கம். அன்று காலை வந்து பார்க்கிறேன், சுவர் பளிச்சென்று இருக்கிறது. "ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? அம்புட்டுக் கரியையும் அழிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சுப்பா" என்றார் தலைமையாசிரியர். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார், வெள்ளைச் சுவரைப் பார்த்தார், இருளாயியின் சிலேட்டை வாங்கி எழுதினார்: 'என் கைத்தடியை எடுத்து வா.'

தடி மேசையில் சாய்ந்திருந்தது. இருளாயி சிலேட்டைப் பார்த்தாள், தடியைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றாள். அவர் முட்டை போடப் பேனாவைத் திறந்தார்.

அந்த ஊரில் எந்தப் பெரிய மனிதர் சாமானையும் அவள் வீட்டார் தொட முடியாது. அது எனக்கு உறைத்ததும் வாய் முந்திக்கொண்டது. "வாசிச்சதுனாலதான்யா நிக்கிறா. தொடப் பயப்படுறா."

தலைமையாசிரியர் என்னை முறைத்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டுச் சிலேட்டைத் திரும்ப வாங்கினார். பிறகு அதே வரிக்குக் கீழே எழுதினார்: 'பரவாயில்லை, தொடலாம்.'

அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு போய், தடியை இரு கைகளாலும் எடுத்து வந்து கொடுத்தாள். அவர் பதிவேட்டில் 'வாய்விட்டு' என்ற சொல்லை அடித்துவிட்டுத் தேர்ச்சி என்று எழுதினார்.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ரைஸ் மில் ஓடுகிறது. கோவைக்கொடி இருக்கிறது, துடைக்கத்தான் சிலேட்டு இல்லை. இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்று மாலை வழக்கம்போல் இருளாயியிடம் இலையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. எழுத்து வெளியே தெரியும்படி சிலேட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் வீட்டார் கால் வைக்காத பெரிய தெரு வழியாகவே வீட்டுக்குப் போனாள். மறுநாள் வந்தபோது கைபட்டு மேல் வரி போயிருந்தது. 'தொடலாம்' மட்டும் இன்னும் சில நாள் இருந்தது. பலப்பத்தில் எழுதியதுதானே, பிறகு அதுவும் அழிந்துவிட்டது.