வாளையின் வயிறு

எங்கள் பக்கத்தில் சாவு நடந்த வீட்டில் முப்பத்தோராம் நாள் வரை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்க மாட்டார்கள். அன்று கோயிலில் பூசை கொடுத்து, வந்தவர்களுக்கு மீன்கறியோடு சோறு போட்டு, வீட்டுக்காரரும் அதில் கை நனைத்தால் துக்கம் ஓரளவு அடங்கியதாகக் கொள்வார்கள். அடக்கம் செய்த நாளிலிருந்துதான் எண்ணுவது. என் தம்பிக்கு அடக்கம் நடக்கவில்லை. அதனால் அம்மா எண்ணவே தொடங்கவில்லை.

யுத்தம் முடிந்து, கடலில் இருந்த கட்டுப்பாடுகள் எடுபட்டு, இனி நினைத்த நேரம் தொழிலுக்குப் போகலாம் என்று ஊரே மூச்சுவிட்ட காலம் அது. சண்டைக் காலம் முழுக்க ஒரு கீறலும் படாமல் கரைக்கு வந்தவன் சமாதானத்தில் போனான். காற்று மாறிய ஒரு நாள் அவனுடைய படகு மட்டும் ஆலங்குடாப் பக்கம் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. ஆள் இல்லை. நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கி எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும், அதைப் பார்த்துக் கரைபிடிக்கிறவன் எப்படி வழிதவறுவான் என்று அம்மா வந்தவர் போனவரையெல்லாம் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். பதில் தெரியாதவனுக்கு வேறு என்ன வரும்?

மாதங்கள் போயின. மரக்கறியும் சோறுமாக அம்மா பாதியாகிவிட்டார். இரத்தம் குறைவு, மீனாவது கொடுங்கள் என்று புத்தளத்து டாக்டர் சொன்னார். நானும் மனைவியும் மாறி மாறிக் கெஞ்சினோம். ஒருநாள் பொறுக்க முடியாமல் அம்மா, தம்பி கிடக்கிற கடலில் பிடித்த மீன் தன் தொண்டைக்குள் இறங்காது என்றார். நான் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அடக்கம் செய்வதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. கடல் அல்லாத தண்ணீரைத் தேடிப் போக முடியும்.

தம்பியின் தூண்டில் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு உள்நாட்டுக் குளம் ஒன்றுக்குப் போனேன். அணைக்கட்டில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த சிங்கள ஆள் ஒருவர் என் தூண்டில் முள்ளைப் பார்த்து, தங்கூசி நூலில் நேரே கட்டாதே, இங்கே வாளை இருக்கிறது, நடுவில் கம்பி போடு என்றார். நான் சிரித்தேன். கடலில் கத்திப் பல் சீலா மீனுக்குக் கம்பி கட்டுகிற பரம்பரை. சேற்றுக்குள் கிடக்கும் மீனுக்கும் கம்பியா?

அடுத்தடுத்து இரண்டு முள் போனது. சீலா கடித்தால் தங்கூசி கத்தரித்த மாதிரிப் போகும். இது அப்படியில்லை, அரம் போட்டுத் தேய்த்தது போல நுனி சொரசொரத்துக் கிடந்தது. அந்த ஆள் வெற்றிலையை மறுபக்கம் ஒதுக்கிக்கொண்டார். அடுத்த கிழமை தம்பி முறுக்கிவைத்திருந்த கம்பி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிப் போட்டேன். கை நீளத்துக்கு ஒரு வாளை விழுந்தது.

அதன் வாயை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். பெரிய பல் ஒன்றுமில்லை. அரிசிக் குருணை அளவுப் பற்கள் பட்டை பட்டையாக, எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. முள்ளைக் கழற்ற விரல் விட்டபோது தாராளமாக உள்ளே விட்டது. வெளியே இழுக்கும்போதுதான் தோலைப் பிடித்தது. இரத்தத்தை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு சந்தோசமாக வீட்டுக்கு வந்தேன்.

கடற்கரை வீட்டுக்குக் குடல் எடுத்த மீனைக் கொண்டுபோனால் பழுது என்று நினைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் முழுசாகவே கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தேன். குளத்து மீன் என்றேன். அவர் குனிந்து மணந்து பார்த்தார்.

"கடல்காரன் சேறு நாறுற மீனோட வாறான்" என்றார்.

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தம்பி போனபிறகு அம்மா யாரையும் பகிடி பண்ணிச் சிரித்ததில்லை. அடுப்புச் சாம்பலை அள்ளி வழுவழுப்புப் போகத் தேய்த்தார், கத்தி கொண்டுவரச் சொன்னார். இன்றைக்குத் தின்பார் என்றே நம்பினேன்.

தலையை வெட்டவில்லை. முதலில் வயிற்றைக் கீறினார். இரைப்பையைத் தனியாக எடுத்துக் கல்லில் வைத்து மெதுவாகப் பிளந்து விரல்களால் தடவினார். ஒரு சின்னத் திலாப்பியா, தோல் கரைந்து, பல் பட்ட தழும்புகளோடு வெளியே வந்தது. அதையும் பிளந்து பார்த்தார். மனைவி தலை குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தம்பி போன முதல் வாரங்களில் கரையில் மீன் வெட்டும் இடத்துக்குப் போய் அம்மா இப்படித்தான் ஒவ்வொரு வயிறாகப் பிளந்து பார்த்தாராம். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லையாம்.

"அம்மா, இது குளம். தம்பி இஞ்ச வரேல்ல."

"தெரியும் மகன். கைதான் கேக்குதில்ல."

கையைக் கழுவிவிட்டுச் சமைத்தார். சேற்று மணம் தெரியாமல் கொறுக்காய்ப் புளி போட்டு, மிளகு தூக்கலாக. எங்களுக்குப் பரிமாறிவிட்டுத் தன் சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் கீரையும் போட்டுக்கொண்டார். ஒரு துண்டாவது என்று நான் நீட்டினேன். என் கையைத் தள்ளவில்லை, பிடித்துக்கொண்டார்.

"நான் தின்னத் தொடங்கினா, அவன் செத்துப்போனான் எண்டு நானே சொன்ன மாதிரி."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அந்தத் துண்டை நானே தின்றேன். கறி நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போதும் குளத்துக்குப் போகிறேன், என்றைக்காவது மனம் மாறுவார் என்று. வாளை பட்டால் அணைக்கட்டிலேயே கீறிக் குடல் எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அம்மாவின் கையில் அந்த வயிறு படக்கூடாது என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் இரைப்பையைத் தண்ணீரில் எறிவதற்கு முன் நானும் ஒருமுறை பிளந்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எறிகிறேன்.